ஒன்றுக்கு ஐந்து

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை மாலை அமைதி சார் வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். "வித்தாச்சு."

அந்த வார்த்தையை நம்பி மனைவி தூங்கினாள், மகள் தூங்கினாள். சொன்னவர் மட்டும் நாலு நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லாமல் புரண்டுகொண்டிருந்தார். ஏனென்று போன வாரமே பார்த்துவிட்டோம். விற்கும் பட்டன்வரை போன அவருடைய கட்டைவிரல், அதைத் தொடாமலே திரும்பி வந்துவிட்டது.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்காக நாலு வரி. அமைதி சார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் பொது நூலகத்தில் வேலை பார்த்தவர். வாசிப்பறையில் யாராவது இருமினால்கூட நிமிர்ந்து பார்ப்பார். ஓய்வு பெற்றபோது வேலை அங்கேயே தங்கிவிட்டது, பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. மனைவி, கடைத்தெரு முழுக்க டெய்லரம்மா. பத்தொன்பது வருஷமாக ஒரே வாடகைக் கடை, ஒரே மெஷின். தைத்துச் சேர்த்த காசில் அவள் மாதாமாதம் வாங்கிப்போட்டது ஒரு பம்பு கம்பெனியின் பங்குகள். மொத்தம் நானூறு. கணக்கு அவள் பெயரில், ஆப் அவர் போனில்.

அந்தக் கடை இப்போது விலைக்கு வந்திருக்கிறது. வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குள் பணம் கட்டினால் கடை டெய்லரம்மாவுக்கு. தவறினால் பக்கத்து செல்போன் கடைக்காரருக்கு. அவர் நடுச்சுவரை இடிக்க ஆள்கூடப் பார்த்து வைத்திருக்கிறார்.

நானூறு பங்கையும் வெள்ளிக்கிழமை விற்றிருந்தால் கடைக்குப் போதுமான பணம் வந்திருக்கும். கொஞ்சம் மிச்சமும் இருந்திருக்கும்.

ஆனால் அந்த பம்பு கம்பெனி மூன்று வாரத்துக்கு முன்னால் ஓர் அறிவிப்பு விட்டது. செவ்வாய்க்கிழமை முதல் ஒரு பங்கு ஐந்து பங்காகப் பிரிக்கப்படும். அன்றிலிருந்து விலை ஏறிக்கொண்டே வந்தது. அமைதி சாரின் புத்தியும் கூடவே ஏறிக்கொண்டது. பிரிந்த பிறகு விலை சின்னதாகத் தெரியும், இதுவரை வாங்கப் பயந்தவர்கள் எல்லாம் ஓடி வருவார்கள், இன்னும் ஏறும். செவ்வாய்க்கிழமை காலை விற்றால் கடையும் வாங்கலாம், மனைவிக்குப் புது மெஷினும் வாங்கலாம். யாரிடமும் சொல்லாமல் ஒரு ஆச்சரியம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இதோ விடிந்துவிட்டது.

"ஏங்க, இன்னைக்காவது பணம் பேங்குக்கு வந்துடுமில்ல?" செருப்பை மாட்டியபடி கேட்டாள் டெய்லரம்மா.

"வந்துடும், வந்துடும்."

"ரெண்டு தடவை சொல்றீங்க. ஒரு தடவை சொன்னாலே போதும்." சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். அன்று அவள் நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். அவள் தெருமுனை திரும்பும்வரைகூடப் பார்க்காமல் அமைதி சார் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்பதே காலுக்கு மார்க்கெட் திறந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தமில்லாமல். அவர் வீட்டில் டிவிகூட வாய் திறக்கக் கூடாது. கீழே ஓடுகிற எழுத்துகளைப் படித்துத்தான் உலக விஷயம் தெரிந்துகொள்வார்.

முதல் அரைமணி நேரம் அவர் எண்ணியபடியே நடந்தது. நேற்றைய இரண்டாயிரத்து ஐந்நூறு ஐந்தாகப் பிரிந்து, ஐந்நூறில் திறந்த விலை ஐந்நூற்றிருபதைத் தொட்டது. சிறு முதலீட்டாளர்கள் குவிகிறார்கள் என்று எழுத்து ஓடியது. அமைதி சார் நாற்காலியில் சாய்ந்து ஒரு காலை இன்னொரு காலின் மேல் போட்டார். வீட்டில் யாரும் இல்லாததால் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

சரி, விற்றுவிடலாம் என்று போனை எடுத்தார். அங்கேதான் முதல் இடி விழுந்தது.

விலை ஐந்நூற்றிருபது. பங்கு அதே நானூறு. இரண்டாயிரம் என்று இருக்க வேண்டிய இடத்தில் நானூறு! பக்கத்தில் சிவப்பு எழுத்தில், எண்பது சதவீதம் நஷ்டம். பழைய விலைக்கு ஆப் போட்ட கணக்கு அது. விற்கும் பட்டன் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அழுத்தினார். அசையவில்லை. நன்றாக அழுத்தினார். போனை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதே நானூறு.

மிச்சம் ஆயிரத்து அறுநூறு எங்கே போனது?

பத்தரைக்கு விலை ஐந்நூறுக்கு வந்தது. பதினொன்றுக்கு நானூற்றெண்பது. எழுத்து இப்போது வேறு மாதிரி ஓடியது. முதலீட்டாளர்கள் லாபத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். குவிந்ததும் முதலீட்டாளர்கள்தான், வெளியேறுவதும் முதலீட்டாளர்கள்தான். இடையில் ஒரு மணி நேரத்துக்குள் அவர்களுக்கு என்ன ஆனது என்று எந்த எழுத்தும் சொல்லவில்லை. அந்தக் கம்பெனி நேற்றுப் போலவே இன்றும் பம்புதான் செய்துகொண்டிருந்தது. ஒரு பம்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அமைதி சார் மகளுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினோரு தடவை அடித்தார். பதினோராவது தடவைதான் ஞாபகம் வந்தது, மார்க்கெட் நேரத்தில் அவள் போன் ஆபீஸ் லாக்கருக்குள் பூட்டிக் கிடக்கும் என்று.

மகள் வேலை பார்ப்பது ஒரு ஷேர் புரோக்கர் கம்பெனியின் கஸ்டமர் கேரில். அம்மாவின் கணக்கும் அதே கம்பெனியில்தான் இருக்கிறது. ஆனால் குடும்பத்தார் கணக்கைத் தானாகத் திறந்து பார்ப்பது அங்கே வேலையே போகிற குற்றம். அதனால்தான் வீட்டில் "வித்தாச்சு" என்றால் அவளுக்கும் வித்தாச்சுதான்.

அந்தப் பெரிய ஹாலில் அறுபது பேர் வரிசையாகக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைசி வரிசையில் தனியாக ஒரு மேஜை. போர்டில் சீனியர் டெஸ்க் என்று எழுதியிருந்தாலும், ஹாலில் எல்லோரும் அதைக் கத்தறவங்க டெஸ்க் என்றுதான் சொல்வார்கள். மற்றவர்களால் சமாளிக்க முடியாத கோபக்காரர்கள் கடைசியில் அங்கே வந்து சேர்வார்கள். அந்த மேஜைக்காரிக்குப் பட்டப்பெயர் ஐஸ். அவள்தான் நம் மகள்.

அன்று காலையிலிருந்து ஐஸுக்கு மூச்சுவிட நேரமில்லை.

"அம்மாடி, நான் ரிட்டயர்டு நர்ஸ் பேசறேன். நேத்து படுக்கறப்ப இருந்த பணம் காலைல அஞ்சுல ஒண்ணாயிடுச்சே! எலி தின்னுடுச்சா?"

"உங்க பணம் எங்கேயும் போகலைம்மா. ஒரு பங்கு அஞ்சா பிரிஞ்சிருக்கு. அதனால விலையும் அஞ்சுல ஒண்ணாயிருக்கு. புதுப் பங்கு உங்க கணக்குக்கு வந்து சேர ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். வந்துடுச்சுன்னா சரியாயிடும்."

"விலை இறங்கிக்கிட்டே இருக்கே. இப்ப விக்கலாமா?"

"புதுசு வந்து சேர்ற வரைக்கும் விக்க முடியாதும்மா. கொஞ்சம் பொறுமையா இருங்க."

"வரட்டும். வந்த உடனே முதல் வேலையா வித்துத் தலை முழுகிடறேன்."

"அது உங்க முடிவும்மா. நாங்க எதுவும் சொல்லக் கூடாது."

அடுத்தவர் ஒரு லாரி டிரைவர். அதற்கடுத்தவர் ஒரு பல் டாக்டர். கேள்வி ஒன்றுதான், குரல்தான் வேறு. பதிலும் ஒன்றுதான். போனை வைக்கும்போது பாதிப் பேர் அந்த நர்ஸம்மா சொன்னதையே சொன்னார்கள். வரட்டும், வந்த உடனே வித்துடறேன்.

பன்னிரண்டு மணிக்கு முன்வரிசைப் பெண் எழுந்து வந்தாள். "அக்கா, ஒரு சார் லைன்ல இருக்காரு. பயங்கரமா கத்தறாரு."

"சரி, மாத்தி விடு."

"இல்லக்கா, கொஞ்சம் வினோதமா இருக்கு. ஒரு வரி கத்தறாரு, அடுத்த வரில 'மன்னிக்கணும்மா'ங்கறாரு. திரும்பக் கத்தறாரு. சீனியர் டெஸ்க்குக்குக் குடுத்தாதான் நிறுத்துவேங்கறாரு."

ஐஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கத்தத் தெரியாமல் கத்துகிற மனிதர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

"வணக்கம். சீனியர் டெஸ்க். சொல்லுங்க சார்."

மறுமுனையில் மூச்சு வாங்கியது. முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்களை வாயை மூடச் சொன்னவருக்குக் கத்தியதில் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"நான்தான்," என்றார் கிசுகிசுப்பாக.

மேஜையில் பதிவு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இங்கே பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகும். அப்பா என்று கூப்பிட்ட அடுத்த நொடி அந்த அழைப்பை மேனேஜரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த வார்த்தையை அவள் மென்று விழுங்கினாள்.

"கணக்கு எண் சொல்லுங்க சார்."

சொன்னார். திரையில் அம்மாவின் பெயர் வந்தது. நானூறு பங்கு. வெள்ளிக்கிழமை என்ற வரிசையில் ஒன்றுமே இல்லை. விற்றதும் இல்லை, வாங்கியதும் இல்லை, வெறும் கோடு.

வெள்ளிக்கிழமை மாலை அம்மா பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சிரித்துச் சிரித்துச் சொல்லிவிட்டு வந்தது கண்முன்னால் வந்தது.

"சார், இந்தக் கணக்கு ஒரு அம்மா பேர்ல இருக்கு. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரர்... மேடம்."

"கணக்குக்குச் சொந்தக்காரங்ககிட்டதான் கணக்கு விவரம் பேச முடியும் சார். அவங்க பக்கத்துல இருக்காங்களா?"

"இல்ல மேடம். கடைல இருக்காங்க. அவங்களுக்கு இது தெரியாது."

"எது தெரியாது சார்?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு சொன்னார். "விக்கலைங்கறது."

"வித்துட்டதா சொல்லியிருக்கீங்களா?"

"ஆமா மேடம்."

"பொதுவான தகவல் மட்டும் சொல்றேன் சார். புதுப் பங்கு வந்து சேர்ற வரைக்கும் பழைய பங்கு வச்சிருக்கற யாராலயும் எதையும் விக்க முடியாது. உங்களால மட்டும் இல்ல, எங்களாலயும் எதுவும் பண்ண முடியாது. வித்த பிறகு பணம் கைக்கு வர இன்னொரு நாள் ஆகும்."

"அப்ப நாளைக்குக் காலைல வித்தா வியாழக்கிழமை வந்துடுமா?"

"நாளைக்குக் காலைக்குள்ள பங்கு வந்து சேர்ந்தா வரும் சார். சேரலைன்னா வராது."

"நானூத்தி எழுபதுக்கு வந்துடுச்சு மேடம். எவ்வளவு வரைக்கும் இறங்கும்?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது சார்."

"மேடம்... உங்கப்பா இப்படிப் பண்ணியிருந்தா நீங்க என்ன சொல்லுவீங்க?"

ஐஸ் கண்ணை மூடிக்கொண்டாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"எங்கப்பா இப்படிப் பண்ண மாட்டாருன்னு இன்னைக்குக் காலை வரைக்கும் நினைச்சிருப்பேன் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேண்டாம் மேடம்."

அழைப்பு முடிந்ததும் வாடிக்கையாளர் மதிப்பெண் போட வேண்டும். அது அங்கே வழக்கம். அரை நிமிஷத்தில் திரையில் வந்தது. ஐந்துக்கு ஐந்து கொடுத்திருந்தார். ஐஸ் எழுந்து கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். திரும்பி வந்தபோது வரிசையில் ஒன்பது கோபக்காரர்கள் காத்திருந்தார்கள்.

மூன்றரைக்கு மார்க்கெட் மூடியது. நானூற்று நாற்பத்தைந்து. இந்த விலைக்கு விற்றால் கடைக்குக் கட்ட வேண்டிய பணத்தில் நல்ல துண்டு விழும்.

லாக்கரைத் திறந்து போனை எடுத்தாள். அப்பாவிடமிருந்து பதினோரு அழைப்பு. அம்மாவிடமிருந்து ஒன்று. வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

கடைக்குள் தரையில் தையல் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டிருந்தது. அதன் நடுவில் நின்றுகொண்டு டெய்லரம்மா கையை விரித்துக் காட்டினாள்.

"வா, வா, உன்னைத்தான் கூப்பிட்டேன். நீ எடுக்கலை. இங்க பாரு, இதுதான் போட்டுப் பாக்கற ரூம். கதவு இந்தப் பக்கம் திறக்கும். உள்ள ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. ஆசாரி வந்து அளவெடுத்துட்டுப் போயிட்டாரு. இத்தனை வருஷமா அந்தத் திரைச்சீலையைப் பிடிச்சிக்கிட்டு நின்னதுல எனக்கே வெக்கம்."

"அம்மா..."

"வாடகைக் கடைல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் ஓனரைக் கேக்கணும். இனிமே எங்க வேணும்னாலும் அடிப்பேன். வேண்டாத இடத்துலகூட ரெண்டு அடிப்பேன்." சொல்லிவிட்டு மேஜைக்குப் போய் ஒரு சட்டைத் துணியை விரித்து வெட்டத் தொடங்கினாள்.

எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துவைத்த எதுவும் மகளுக்கு இப்போது வாயில் வரவில்லை. நேராகவே சொல்லிவிட்டாள்.

"அம்மா, அப்பா விக்கலை."

கத்தரி நிற்கவில்லை. பாதியில் நிறுத்தினால் துணி கோணிவிடும். சாக்பீஸ் கோட்டின் முனைவரை வெட்டி முடித்துத்தான் டெய்லரம்மா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"எதை?"

"ஷேரை. வெள்ளிக்கிழமை அவர் விக்கவே இல்லை."

"வித்தாச்சுன்னாரே."

"சொன்னாரு."

டெய்லரம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். தரையில் போட்டிருந்த சதுரத்தைப் பார்த்தாள். பிறகு, "சரி. இப்ப விக்கச் சொல்லு," என்றாள்.

"இப்ப விக்க முடியாதும்மா. ஒண்ணு அஞ்சா பிரிஞ்சிருக்கு. புதுசு இன்னும் நம்ம கணக்குக்கு வந்து சேரலை."

"சேரலைன்னா, எங்க இருக்கு?"

"வழியில இருக்கு."

"வழியிலன்னா? என்னோடது எந்த வழியில நிக்குதுன்னுகூட எனக்குத் தெரியாதா?" குரல் முதல் முறையாக உயர்ந்தது. "துணிய அஞ்சா வெட்டினா துணி கூடுமா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே. தையலுக்கு விட்டது போகக் குறையத்தான் செய்யும். இத்தனை வருஷம் புஸ்தகத்துக்கு நடுவுல இருந்த மனுஷனுக்கு இது தெரியாதா?"

"அது அவருக்கும் தெரியும்மா. கூடும்னு அவர் நினைக்கலை. கூடும்னு மத்தவங்க நினைப்பாங்க, நினைச்சு வாங்குவாங்க, அதனால விலை ஏறும்னு நினைச்சாரு."

"மத்தவங்க?"

"மத்தவங்களும் அதேதான் நினைச்சாங்க. மூணு வாரமா எல்லாரும் அப்படி நினைச்சுத்தான் ஏறிச்சு. இன்னைக்குக் காலைல வாங்கின யாரோ பெரிய ஆளுங்க உடனே கொஞ்சம் வித்தாங்க. அதைப் பார்த்து எல்லாருக்கும் பயம் வந்துடுச்சு. விக்கறவங்களைப் பார்த்து இன்னும் நாலு பேர் விப்பாங்க. வேற காரணமே இல்லைம்மா. இருந்தாலாவது சொல்லலாம்."

வாசலில் நிழலாடியது. அமைதி சார் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. துணி தைக்கக் கொடுக்க வந்த புது ஆள் மாதிரி படியின் ஓரத்தில் தயங்கினார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. மனைவியின் கண் முதலில் அங்கேதான் போனது. வேறு நாளாக இருந்தால் எழுந்து போய்ச் சரி செய்திருப்பாள்.

"உள்ள வாங்க. தெருவுல நின்னு என்ன ஆகப்போகுது?"

வந்தார். "கொஞ்சம் கூடுதலா வந்தா உனக்குப் புது மெஷினும்..."

"நான் கேட்டேனா?"

"இல்ல."

"இந்த மெஷின் ஓடலைன்னு என்னைக்காவது சொன்னேனா?"

"இல்ல."

"நஷ்டம் வந்ததுகூட ஆறிடும். நாலு நாளா என்னை இப்படிச் சந்தோஷமா நடமாட விட்டு வேடிக்கை பார்த்தீங்களே, அது ஆறாது." சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கையில் இருந்த வெட்டுத் துணியைத்தான் எடுத்தாள். வாடிக்கையாளர் துணி என்று தெரிந்ததும் கீழே வைத்துவிட்டுப் புறங்கையால் துடைத்தாள்.

அமைதி சார் சொல்ல நினைத்த எல்லாமே காரணங்கள். காரணம் கேட்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

டெய்லரம்மா தன் பட்டன் போனை எடுத்து ஓனருக்கு அடித்தாள்.

"ஐயா, நான் டெய்லர் பேசறேன். ஒண்ணும் இல்ல, பணம் ஒரு வாரம் முன்னப் பின்ன ஆனா..." நிறுத்தினாள். அந்தப் பக்கம் பேசுவது மற்ற இரண்டு பேருக்கும் கேட்டது. ஓனர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் இரண்டு வார்த்தை சண்டையாவது போடலாம்.

"உங்களுக்காகத்தாம்மா வியாழக்கிழமை வரைக்கும் வச்சிருக்கேன். பக்கத்துக் கடைக்காரரு இன்னைக்கே கட்டறேன்னு நிக்கறாரு. எனக்கும் அவசரம். நாலு மணிக்கு மேல என்னால முடியாதும்மா. தப்பா நினைச்சுக்காதீங்க."

"தப்பு என்னங்க இருக்கு," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவர் வந்து கால்சட்டை தயாரா என்று கேட்டார். மகள் எழுந்து தேடிக் கொடுத்து அனுப்பினாள். டீ வந்தது, ஆறியது.

ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு அமைதி சாரின் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வந்துடுச்சு! ரெண்டாயிரம்! பாரு, ரெண்டாயிரமும் வந்துடுச்சு!"

அவர் வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அன்று சத்தம் போட்டார். போனை மனைவியிடம் நீட்டினார். டெய்லரம்மா வாங்கிப் பார்த்தாள். அத்தனை பெரிய எண் அவள் பெயருக்கு நேரே நின்றது. கீழே அதன் இன்றைய மதிப்பு. நேற்று அந்த நானூறுக்கு இருந்ததைவிடக் குறைவு.

"நாளைக்குக் காலைல ஒன்பதே காலுக்கு வித்தா வியாழக்கிழமை மத்தியானம் பணம் வந்துடும்," என்றாள் மகள்.

"குறையறதுக்கு டெய்லர் சங்கத்துல நான் போட்டு வச்ச பணம் இருக்கு." டெய்லரம்மா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். "இதே விலைக்குப் போனா போதும். சரிக்குச் சரியா வந்துடும். இதுக்குக் கீழ மட்டும் போகக் கூடாது."

மகள் தலையசைத்தாள். உடனே டெய்லரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இது நம்ம ஒருத்தருக்கு மட்டுமா வந்திருக்கு?"

"இல்லம்மா. எல்லாருக்கும் ஒரே நேரத்துலதான் வரும்."

"நீ இன்னைக்குப் பேசினவங்களுக்கும்?"

"ஆமா."

"அவங்கல்லாம் என்ன பண்றதா சொன்னாங்க?"

நர்ஸம்மாவின் குரல் மகளின் காதில் கேட்டது. லாரி டிரைவரின் குரல், பல் டாக்டரின் குரல். அவளே எழுபது எண்பது பேரைப் பொறுமையாக இருக்கச் சொல்லியிருக்கிறாள். ஹாலில் அப்படி அறுபது பேர். அத்தனை பேரும் இந்த நிமிஷம் எங்கெங்கோ தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அத்தனை பேருக்கும் ஒன்பதே கால் ஒரே ஒன்பதே கால்தான்.

"நிறைய பேர் விக்கறேன்னாங்கம்மா," என்றாள். பொய் சொல்ல இன்றைக்கு அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெம்பில்லை.

டெய்லரம்மா போனை அவளிடம் நீட்டினாள். "அப்ப அவங்களுக்கு முன்னால நீ வித்துக் குடு."

"எனக்கு அனுமதி இல்லம்மா. குடும்பத்துக் கணக்கைத் தொட்டா வேலை போயிடும். அதுவும் இல்லாம எட்டே முக்காலுக்கு நான் உள்ள போயிடுவேன்."

"எனக்குச் சொல்லிக் குடு. நான் அழுத்தறேன். சட்டைக்குப் பொத்தான் வைக்கிறவளுக்குப் பட்டன் அழுத்தவா தெரியாது?"

"ஆப் திறக்கறதுக்கு விரல் ரேகை வைக்கணும்மா. அப்பாவோடதுதான் பதிஞ்சிருக்கு. மாத்தினாலும் சரி, வேற போன்ல போட்டாலும் சரி, பாதுகாப்புக்காக ஒரு நாள் முழுக்க விக்க விடாது. ஒவ்வொரு தடவை விக்கறப்பவும் அந்த ரேகைதான் கேக்கும்."

டெய்லரம்மா கணவனின் கையைப் பார்த்தாள். அவர் தன் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்திருந்தார்.

வேறு வழி இருக்கிறதா என்று அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு போனை அவரிடமே கொடுத்தாள்.

"நாளைக்கு நான் கடை திறக்கலை. உங்க பக்கத்துலயே உக்காந்திருப்பேன். மணி அடிச்ச உடனே வித்துடுங்க. என்ன விலையா இருந்தாலும்."

"வித்துடறேன்," என்றார் அமைதி சார். "சத்தியமா வித்துடறேன்."

அவள் எழுந்து விளக்குகளை அணைக்கப் போனாள். மகள் வெட்டிய துணிகளை மடித்து அடுக்கினாள். அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் கேட்காமலே, நூலகத்தில் பேசுவது போல மெல்லிய குரலில் சொன்னார்.

"திறந்த உடனே எல்லாரும் விப்பாங்க, கொஞ்சம் கீழதான் இருக்கும். ஒரு பத்து நிமிஷம் மட்டும் பொறுத்துப் பார்த்துட்டு..."

டெய்லரம்மாவின் கை சுவிட்சின் மேல் நின்றது. திரும்பி அவரைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். போன் அவர் கையில் இருந்தது.